ரோபோ கையில் கேமராவை எங்கே பொருத்துவது?

கேள்வி: தாண்டிக்குடியில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. காய்ந்த கொட்டைகளில் கறுத்தவற்றைப் பொறுக்குவதற்காக எம்ஜி996ஆர் சர்வோக்களை (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்களை) வைத்து ஒரு ரோபோ கை செய்திருக்கிறேன். கிரிப்பர் (கொட்டையைக் கவ்வும் பிடி) மேல் வெப்கேமராவைக் கட்டியதிலிருந்து கை நடுங்குகிறது. கொட்டைக்குச் சற்றுத் தள்ளியே இறங்குகிறது. காலையில் லென்ஸில் ஈரம் படிகிறது. என்ன செய்யலாம்?
- பாலிடெக்னிக் மாணவர்

பதில்: முதல் வேலையாக அந்த வெப்கேமராவைக் கழற்றுங்கள், தம்பி. அது 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், தோள் மூட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி 3 கிலோ-செ.மீ. (எடையைத் தூரத்தால் பெருக்கிய அளவு) சுமையாகிவிடுகிறது. எம்ஜி996ஆரின் முறுக்குவிசை 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-செ.மீ. என்று விவரத்தாளில் பார்த்திருப்பீர்கள். அது மோட்டார் திணறி நின்றுவிடும் எல்லை. மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்பலாம். அந்தப் பங்கு முழுவதையும் கேமராவே தின்றுவிட்டால், கை தன் சொந்த எடையை எதைக் கொண்டு தூக்கும்?

ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினிப் பலகைக்கான கேமரா மாட்யூல் 3 வெறும் 4 கிராம்தான். ஏறத்தாழ 10 செ.மீ. கிட்டத்திலிருந்து ஃபோகஸ் ஆகும். உங்கள் வேலைக்கு இது போதும். சர்வோக்களுக்குத் தனி மின்சாரம் கொடுங்கள். கிரவுண்ட் (மைனஸ் இணைப்பு) மட்டும் பொதுவாக இருக்கட்டும். பை போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்தால் நடுக்கம் போகாது.

இனி, இடம். கிரிப்பரின் தாடையில் பொருத்தாதீர்கள். அது அசையும் உறுப்பு. மணிக்கட்டின் சட்டத்தில், தாடை நுனியிலிருந்து 12 செ.மீ. பின்னால், சற்றே சாய்த்து வையுங்கள். தாடை நுனி எப்போதும் படத்தின் கீழ் ஓரத்தில் தெரிய வேண்டும். ஹாபி சர்வோ சொன்ன கோணத்தில் அச்சாக நிற்காது. சில மில்லிமீட்டர் தவறும். கொட்டையும் தாடையும் ஒரே படத்தில் தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கை தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். இந்த ஒரு லாபம் இல்லையென்றால் கேமராவைக் கையில் ஏற்றவே வேண்டாம், தட்டுக்கு மேலே ஸ்டாண்டில் நிறுத்திவிடலாம் என்பேன்.

இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுவது கூடாது. டேப் இளகி கேமரா ஒரு டிகிரி திரும்பினாலே 15 செ.மீ. தூரத்தில் 2.6 மி.மீ. பிசகும். அலுமினியப் பட்டையை ‘எல்’ வடிவில் மடித்து, 2 மி.மீ. நைலான் திருகுகளால் நான்கு துளைகளிலும் மெல்ல முடுக்குங்கள்.

கேமராவின் ரிப்பன் கேபிளைத் தட்டையாக வளைக்கலாம்; முறுக்கினால் உள்ளே கம்பி அறுந்துவிடும். அதனால் மணிக்கட்டு சுழலும் மூட்டைத் தாண்டிப் பொருத்தாமல், அதற்கு முன்பே பொருத்துங்கள். ஒவ்வொரு மூட்டிலும் தளர்வான வளையம் ஒன்று விட்டு, இரு பக்கமும் கட்டிவிடுங்கள். இணைப்பைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் மின்சாரம் நின்றிருக்க வேண்டும்.

ஆட்டோ ஃபோகஸை ஒருமுறை சரிசெய்து பூட்டிவிடுங்கள். ஃபோகஸ் மாறினால் படத்தின் அளவும் லேசாக மாறும். அளந்த இடைவெளி பொய்யாகும். கை முழுவதும் நின்ற பிறகே படம் எடுங்கள். மேகம் நகர நகர உங்கள் ஜன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். பழுப்புக் கொட்டைகூடக் கறுப்பாகத் தெரியும். தட்டைச் சுற்றி அட்டை மறைப்பு வைத்து, எல்இடி விளக்கின் மேல் டிரேசிங் தாள் ஒட்டி, வெள்ளைச் சமநிலையையும் (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பையும்) நிலையாக வையுங்கள்.

லென்ஸில் படியும் ஈரம் பழுதல்ல. இரவில் குளிர்ந்த கண்ணாடியில் காலையின் ஈரக்காற்று படிகிறது, அவ்வளவுதான். வேட்டி நுனியால் துடைத்துக் கீறல் போட வேண்டாம். வேலைக்குச் சற்று முன்பே கேமராவை இயக்கிவிட்டால், அதன் சூட்டிலேயே ஈரம் விலகும். இரவில் கைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வையுங்கள்.