பாதி அட்டை, முழு விலை

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரஷர் மாத்திரை பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அம்லோடிபைன் 5 மி.கி. ஏழு மாத்திரை கேட்டேன். மெடிக்கலில் அட்டையை வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் காலாவதி தேதி இல்லை, பில்லும் இல்லை. பத்து மாத்திரைக் காசை வாங்கிவிட்டார்களோ என்று சந்தேகம். – வாசகி, பெரியகுளம்

பதில்: மருந்துக்கடைக் கத்திரிக்கோலைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர் மறு ஓரத்திலிருந்து வெட்டுவார். அப்போதும் தேதி கடைசியாக வாங்குகிறவருக்குத்தான். முதலில் வாங்கிய நமக்கு வெறும் துண்டு. அவசரக்காரர் மருந்தின் பெயரையே இரண்டாக்கிவிடுவார். எனக்கு ஒருமுறை வந்த துண்டில் ‘டிபைன்’ என்று மட்டும் இருந்தது. அம்லோடிபைனா, நிஃபெடிபைனா? இரண்டும் பிரஷருக்குத்தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நாமாகப் போட முடியாது. திருப்பிக் கொடுக்கப் போனேன். “வெட்டினதை எப்படி சார் எடுக்கிறது?” என்றார், வெட்டியவரே!

2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உதிரியாக விற்றால் அட்டை விலையை மாத்திரைக் கணக்கில் வகுத்து வரும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாத்திரை 30 ரூபாய் என்றால் ஏழுக்கு 21. பில் கேளுங்கள், அதில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மூன்றும் இருக்கட்டும். தினமும் போடும் மாத்திரையை ஏன் ஏழு ஏழாக வாங்குகிறீர்கள் என்று கேட்க மாட்டேன், மாதக் கடைசி எனக்கும் தெரியும். காசுதான் காரணம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றி விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய திட்டம். பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறார்கள்.

கேள்வி: பிரஷர் 120/80 வந்துவிட்டது. இன்னும் மாத்திரை வாங்க வேண்டுமா? – வாசகர், கோவை

பதில்: வேண்டும். 120 வந்ததே அதனால்தான்.

கேள்வி: எனக்கு எழுதியது டெல்மிசார்ட்டன் 40. கடையில் ‘எச்’ என்று முடிவதைக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். இரண்டு மாதமாகப் போடுகிறேன். பரவாயில்லையா? – வாசகர், விருதுநகர்

பதில்: ஒன்று இல்லை. ‘எச்’ என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மருந்து, கூடவே சேர்ந்திருக்கிறது. ‘ஏஎம்’ என்றால் அம்லோடிபைன். வால் மாறினால் மருந்து மாறிவிட்டது என்று அர்த்தம். கத்தரிக்காயை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம், அட்டையை ஒரு தடவை திருப்பினால் என்ன? அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், அடுத்த மாதம் இல்லை, இந்த வாரமே.

கேள்வி: முதல்வர் மருந்தகத்தில் விலை ரொம்பக் குறைவு. நம்பி வாங்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: வாங்கலாம், மக்கள் மருந்தகத்திலும்தான். சீட்டிலுள்ள மூலப்பெயரும் (கம்பெனி வைத்த பிராண்டுப் பெயர் இல்லை, மருந்தின் பெயர்) மி.கி.யும் அட்டையில் அப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பழைய பிராண்டு மீதி இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். பெயர் வேறு, நிறம் வேறு என்று பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஆன்லைனில் மாத்திரைப் பெட்டி வாங்கினேன். வாரத்துக்குப் பிரித்துப் போட்டு வைத்தால் அப்பாவின் டெல்மிசார்ட்டன் பிசுபிசுத்து உதிர்கிறது. பெட்டி மட்டமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: பெட்டி பாவம். டெல்மிசார்ட்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். போடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். நானும் 28 அறைப் பெட்டி ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கி, ஐப்பசி மழையில் அதைக் கற்றுக்கொண்டேன். இப்போது அதில் ஊக்கும் பட்டனும் இருக்கின்றன. அட்டையோடு கத்தரித்துப் பெட்டியில் வையுங்கள். (இங்கே மட்டும் கத்திரிக்கோலுக்கு அனுமதி. தேதி உள்ள துண்டு கடைசியில்.)

கேள்வி: பிரஷரை 48 நாளில் வேரோடு நீக்கும் என்ற விளம்பரத்தை நம்பி 6,800 ரூபாய்க்கு மூலிகைப் பொடி வாங்கினேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். இப்போது 180/110. அவர்கள் போனை எடுப்பதில்லை. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். முதலில் இன்றே டாக்டரிடம் போங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து மாத்திரை போட வேண்டாம். பொடியைக் கொட்டிவிடாதீர்கள், டாக்டரும் பார்க்கட்டும், புகாருக்கும் சாட்சி. ரத்த அழுத்தத்தைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது இரண்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம், வீட்டில் சொல்லிவிடுங்கள். மணிக்கட்டில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கி, அது மூன்று தடவைக்கு மூன்று கணக்குக் காட்டியதை நான் ஆறு மாதம் சொல்லவில்லை. அலமாரியில் வேட்டிக்கு அடியில் கிடந்ததை என் மனைவிதான் எடுத்து வந்து, “இது என்ன, கடிகாரமா?” என்று கேட்டார்.