கடன் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், அண்ணே

பாம்பனிலிருந்து எழுதிய அண்ணனுக்கு,

பிளஸ் டூ முடித்த மகனைத் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீர்கள். ஆனால் அடகு வைக்காதீர்கள். உங்கள் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கையில் காசில்லாத அந்த இரண்டு மாதம் முடிந்த கையோடு ஃபீஸ் கட்டச் சொல்வார்கள். நான்கு வருஷமும் இதே கதைதான். கௌரவம் பேசி அடகு வைக்கச் சொல்லும் உங்கள் மச்சான் வட்டி கட்டப் போவதில்லை.

பையன் பழைய சார்ஜரைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறான் என்று குறைப்படுகிறீர்கள். அவன் மனசு அங்கேதான் இருக்கிறது. ஒரு பழுதான சர்க்யூட் போர்டைக் கொடுத்து, இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள். கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். சின்ன செராமிக் கெப்பாசிட்டரில் 104 என்று இருந்தால், 10க்குப் பின்னால் நாலு சைபர், பைக்கோஃபேரட் என்ற அளவில், அதாவது 0.1 மைக்ரோஃபேரட். கூடவே 'கே' இருந்தால் 10 சதவீதம் கூடலாம், குறையலாம். 'ஜே' என்றால் 5. உருளை மாதிரி இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் 1000 மைக்ரோஃபேரட், 25 வோல்ட், 105 டிகிரி என்று இருந்தால் மாற்றுவதும் அதே 1000 ஆக இருக்க வேண்டும். வோல்ட் 35 ஆனால் பரவாயில்லை, போர்டில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கணும். 16 வோல்ட் கூடவே கூடாது. 85 டிகிரி போட்டால் சூட்டில் சீக்கிரம் போய்விடும். பட்டை போட்ட பக்கம் மைனஸ். திருப்பி வைத்தால் வெடிக்கலாம். கரண்ட் லைனுக்குக் குறுக்கே இருக்கும் எக்ஸ்2 என்ற பாதுகாப்புத் தர கெப்பாசிட்டருக்குப் பதில் அதே எக்ஸ்2 தரமாவது இருக்க வேண்டும். சாதாரண கெப்பாசிட்டரைப் போட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், அதை இறக்காமல் கை வைக்கக் கூடாது. இதைக் கேட்டு அவன் கண் விரிந்தால் போதும்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் என்று 2 வருஷப் பிரிவு இருக்கிறது. பத்தாவது தேறியிருந்தாலே சேரலாம். அரசு ஐ.டி.ஐ. என்றால் செலவு மிகக் குறைவு. முடித்தபின் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருஷம் சேர வழியுண்டு. வேலையும் பக்கத்திலேயே இருக்கிறது: படகில் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். ரேடியோ; ராமேஸ்வரம் லாட்ஜ்களில் ஏசி, இன்வெர்ட்டர். உப்புக்காற்று இத்தனை போர்டையும் அரித்துக்கொண்டேதான் இருக்கும். ஆரம்பத்தில் சம்பளம் குறைவாகத்தான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவனையே கூட்டிக்கொண்டு போய் ஐ.டி.ஐ. பட்டறையைக் காட்டுங்கள். வாத்தியாரிடம் அவன் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் அவன் வாயால் சொல்லட்டும்; அப்புறம் வேறு வழி பார்க்கலாம். பத்திரம் மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும்.