வாசகர் கேள்வி – பதில்: மேடையேறும் பிள்ளைகள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன், பள்ளியில் எழுதிக் கொடுத்த ஐந்து பக்க உரையை இரண்டு வாரம் மனப்பாடம் செய்து பேச்சுப் போட்டிக்குப் போனான். மூன்றாவது பக்கத்தில் வரி மறந்துபோனது. அந்தத் தவிப்பில் குரலும் கீச்சிட, கூடியிருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஆண்கள் பள்ளி என்பதால் கேலி இன்னும் ஓயவில்லை. அடுத்த மாதம் கவிதை வாசிப்புப் போட்டி வருகிறது. இனி மேடையே வேண்டாம் என்கிறான். வற்புறுத்தலாமா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: வற்புறுத்த வேண்டாம், சகோதரி. அதற்காக இந்தப் பேச்சை அப்படியே மூடிவைத்துவிடவும் வேண்டாம்.

முதலில் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல்வளை வேகமாக வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. புதிய அளவுக்குத் தசைகள் பழகும் வரை, பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் வழுக்கி மேலே ஓடிவிடும். சிரித்த பையன்களில் பாதிப் பேருக்கு இன்று அதே நிலைதான். மீதிப் பேருக்கு நாளை வரும். இதை நீங்கள் சொல்வதைவிட அவனுடைய தாய்மாமனோ அப்பாவோ, தங்களுக்கும் அந்த வயதில் நேர்ந்ததாகச் சொன்னால் பையனின் மனத்தில் நன்றாக இறங்கும். மேடையில் கத்தாமல், இயல்பான தாழ்ந்த குரலில் தொடங்கி, ஒலிவாங்கியை நம்பிப் பேசினால் குரல் வழுக்குவதும் பெருமளவு குறையும்.

ஆனால் அவனை வீழ்த்தியது குரல் அன்று; அந்த ஐந்து பக்கம்தான். பல ஆண்டுகள் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிறர் எழுதிய உரையை ஒப்பிக்கும் பிள்ளையின் கண்கள் கூட்டத்தைப் பார்ப்பதில்லை. அவை சற்று மேலே, எதிர்ச்சுவரில், நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு சிறுவன், ஒவ்வொரு பத்தி முடியும்போதும் தன்னை அறியாமல் வலக்கை விரலால் காற்றில் பக்கம் புரட்டியதைக் கண்டேன். அவனுக்கும் நடுவில் மறந்தது. ஒரு சொல் கழன்றால் அடுத்த சொல்லும் கழன்றுவிடும்; அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது அவன் நாவுக்குத் தெரியுமே தவிர, அவன் நெஞ்சுக்குத் தெரியாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கினார். சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். அதையடுத்து ராமேஸ்வரம் கோயிலில் அவர் ஆற்றிய உரை மிகச் சிறியது. உண்மையான வழிபாடு எது என்ற ஒரே கருத்து. அதற்கு ஒரே கதை. ஒரு செல்வந்தருக்கு இரண்டு தோட்டக்காரர்கள். ஒருவன் வேலையே செய்யாமல், முதலாளி வரும்போதெல்லாம் அவர் முகத்தின் அழகைப் புகழ்ந்து ஆடுகிறான். மற்றவன் அதிகம் பேசாமல் உழைத்து, விளைந்த கனிகளையும் காய்களையும் தலையில் சுமந்து தொலைவிலுள்ள முதலாளியின் வீட்டுக்குக் கொண்டுபோகிறான். யாரிடம் முதலாளிக்கு அன்பு இருக்கும் என்று கேட்பவருக்கே விளங்கிவிடும். அந்த உரையை ஒருமுறை கேட்ட பிள்ளை, வீட்டுக்கு வந்து தன் பாட்டிக்குத் தன் சொற்களிலேயே திருப்பிச் சொல்ல முடியும். ஐந்து பக்க உரையை அப்படிச் சொல்ல முடியுமா?

ஆகவே, அடுத்த முறை உள்ளங்கை அளவுத் தாளில் மூன்று செய்திகளை மட்டும் அவனே எழுதட்டும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் உறுதியாக இருக்கட்டும். இடையில் உள்ளதை நாளுக்கொரு விதமாக உங்களிடம் சொல்லிப் பழகட்டும். இடையில் தடுமாறினால் நிறுத்தி, மூச்சுவிட்டு, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து என்ன வரவேண்டும் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. ஆகையால் அவன் விட்டதும் தெரியாது. கவிதை வாசிப்பில் தாளைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதால், மேடைக்குத் திரும்புவதற்கு அதுவே பொருத்தமான படி. முடிவை அவனே எடுக்கட்டும்.

கேள்வி: கவிதை வாசிப்புக்கு நானே எழுதினேன். அதில் 'கச்சான்', 'வத்தை' ஆகிய சொற்கள் வருகின்றன. வட்டாரச் சொல்லை நீக்கி 'தென்மேற்குப் பருவக்காற்று', 'படகு' என்று மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமா? மேலும், கவிதையைப் பாடுவது போல வாசிக்க வேண்டுமா?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், பாம்பன்

பதில்: மாற்றாதே, தம்பி. கச்சான் என்றதும் உன் ஊர்க்காரருக்கு உதட்டில் உப்பும் கண்ணில் மணலும் வந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று என்றால் புவியியல் பாடம்தான் நினைவுக்கு வரும். வெளியூர் நடுவர் இருந்தால், வாசிப்பதற்கு முன் ஒரே வாக்கியத்தில் பொருள் சொல்லிவிடு.

நீ அனுப்பிய வரிகளில் இரண்டை இங்கே தருகிறேன்:

கச்சான் எழுந்தால் வத்தை மணலில் கிடக்கும்;
அப்பா கூரையைப் பார்த்துக் கிடப்பார்.

படகுக்கும் அப்பாவுக்கும் ஒரே வினையைக் கொடுத்திருக்கிறாய். கவிதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரலை ஏற்றி இழுக்கும் வழக்கமான இராகத்தில் வாசித்தால், 'கிடக்கும்', 'கிடப்பார்' இரண்டும் வெறும் ஓசையாகிவிடும். முதல் வரியைச் செய்தி சொல்வது போலச் சொல். பிறகு நிறுத்து, மனத்துக்குள் இரண்டு எண்ணு. இரண்டாம் வரியைச் சற்றுத் தாழ்ந்த குரலில், யார் முகத்தையும் பார்க்காமல் சொல். கையசைவு ஒன்றும் வேண்டாம். சந்தப் பாடலுக்கு இசை பொருந்தும். உன்னுடைய கவிதைக்குப் பேச்சின் நடையே போதும். லகர, ளகர, ழகர வேறுபாட்டை மட்டும் தினமும் பத்து நிமிடம் உரக்கப் படித்துச் சரிசெய்துகொள்.

கேள்வி: எங்கள் ஆண்கள் பள்ளியில் ஆண்டுதோறும் அதே நான்கு மாணவர்கள்தாம் பரிசு பெறுகிறார்கள். மற்றவர்களை எப்படி ஈர்ப்பது?
– தமிழாசிரியர், தொண்டி

பதில்: ஐயா, பள்ளி அளவிலான போட்டிக்கு முன் வகுப்பறையிலேயே இரண்டு நிமிடச் சுற்று ஒன்று நடத்துங்கள்; அதில் ஒருவர் விடாமல் பேசட்டும், பரிசு வேண்டாம். நடுவர்கள் மதிப்பெண் தாளோடு எழுந்து போய்விடாமல், ஒவ்வொரு மாணவனிடமும் அவன் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகட்டும். மேல்நிலை மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் நடத்தும் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகளில் முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தவை 7,000, 5,000 ரூபாய் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். அதே நால்வரை மட்டும் அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

இன்னொரு யோசனையும் உண்டு. நம் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறந்த உடனே, தடை முடிவதற்குள் ஒரு மாலையில் போட்டியை வைத்தால், மற்ற நாட்களில் கடலில் இருக்கும் தகப்பன்மார் வந்து கேட்க முடியும். முன்வரிசை நாற்காலிகளில் அவர்களை உட்கார வையுங்கள்.