தாத்தாவின் மெடலும் 1962 ஆகஸ்டும்

பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படிப்பது பற்றிப் போன மாதம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, பத்திரத்தைப் பற்றி அல்ல, நேஷனாலிட்டியைப் பற்றி, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமையைப் பற்றி. சரி, இந்த முறை அதற்கே இடம் விட்டாயிற்று. புதியவர்களுக்கு ஒரு வரி: நான் புதுச்சேரிக்காரி, சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்) வீட்டுப் பெண், பதினோரு வருஷம் பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். பிழைப்பு, பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்ப்பது. வக்கீல் அல்ல.

மதாம், என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தவர். 1955-இல் ஊர் திரும்பி, 1979-இல் இறக்கும் வரை பென்ஷன் வாங்கினார். இரண்டு மெடல், பட்டாளத்துப் புத்தகம், தொப்பி போட்ட போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அப்பா 1958-இல் புதுச்சேரியில் பிறந்தார், நான் 1989-இல். அப்பாவிடம் இந்திய பாஸ்போர்ட்தான். பூர்வீகத்தை வைத்து பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்துத் தர ஒரு ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், முத்தியால்பேட்டை

கொடுக்காதீர்கள் தம்பி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மெடலை யாரும் பார்க்கப் போவதில்லை. பென்ஷன் புத்தகத்தையும்தான். இந்தியக் குடிமக்கள் ஆகிவிட்ட பழைய சொல்தாக்களுக்கும் பென்ஷன் வந்துகொண்டுதான் இருந்தது. பிரெஞ்சு அதிகாரிகள் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: 1962 ஆகஸ்ட் 16 அன்று உங்கள் தாத்தா எந்த ஊரில் குடியிருந்தார்?

நம் ஊரில் பலர் 1954-ஐத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். கீழூரில் அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. மாறியது நிர்வாகம்தான். ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அதுவரை சட்டப்படி இது பிரெஞ்சு மண். உங்கள் அப்பா பிறந்ததும் அந்த மண்ணில்தான். ஆனால் அதை வைத்து மட்டும் இன்று ஒன்றும் ஆகாது.

அந்த ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியிலோ இந்தியாவில் வேறெங்கேயோ குடியிருந்த நம் ஊர் பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் நம்மவர்கள் ஒப்சியோன் என்பார்கள். சைகோனிலோ பாரிசிலோ இருந்தவருக்கு இந்த வேலையே இல்லை. அவர் பிரெஞ்சாகவே தொடர்ந்தார். உங்கள் தாத்தா 1955-லேயே திரும்பிவிட்டார். ஆக, 1963 பிப்ரவரி பாதிக்குள் அவர் போட்ட கையெழுத்து இருக்க வேண்டும். போட்டவர்கள் சுமார் 5,000 பேர்தான். ஒரு வீட்டில் ஒப்சியோன் இருந்தால் அது ரகசியமாக இருக்காது தம்பி, தெருவுக்கே தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் இன்னும் விளங்கும். என் தாத்தா பொங்கல் முடிந்த மறு வாரம் போய்க் கையெழுத்துப் போட்டார். கல்யாணம் ஆகாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அப்பாவின் கையெழுத்தே போதும். என் அப்பாவுக்கு அப்போது 15, தப்பித்தார். அத்தைக்கு 19. "அப்பா போட்டது எனக்கும் சேர்த்துத்தானே" என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரே அடுப்பில் சாப்பிட்ட அக்கா தம்பியில் ஒருவர் ஒரு நாடு, இன்னொருவர் வேறு நாடு ஆனது அப்படித்தான். பல வருஷம் கழித்து அத்தை எங்களைப் பார்க்க டூரிஸ்ட் விசாவில் வந்தாள், அப்பாவே கூட்டி வந்தார். சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் அப்பா ஒரு வரிசை வழியாக இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். அத்தை அடுத்த வரிசையில் ஒன்றரை மணி நேரம், பட்டுப்புடவையும் குரங்குக் குல்லாவுமாக. வெளியே வந்ததும் கேட்டாள்: "ஏண்டா, நான் உன் அக்கான்னு சொன்னியா?"

சரி, ஒரு பேச்சுக்கு உங்கள் தாத்தா கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஒரு கதவு இருக்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 30-3 என்று ஒரு பிரிவு. முன்னோர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார்கள், உரிமை கேட்பவரும் அந்த உரிமையைத் தர வேண்டிய அவருடைய அப்பாவோ அம்மாவோ ஒருநாளும் பிரெஞ்சுக்காரராக நடத்தப்படவில்லை என்றால், வம்சாவளியை நிரூபிக்கவே அனுமதி கிடையாது. நடத்தப்படுவது என்றால் பிரெஞ்சு பாஸ்போர்ட், கான்சுலேட் பதிவு, பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டு, இந்த மாதிரி. 1962-இலிருந்து ஐம்பது எண்ணுங்கள், 2012. உங்கள் அப்பா அதற்கு முன் மரீன் வீதி கான்சுலேட்டில் ஒரு தடவையாவது பிரெஞ்சுக்காரராகப் பதிந்துகொண்டாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் கதவு சாத்தியாயிற்று. ஆறு லட்சம் வாங்குகிறவரால் அதைத் திறக்க முடியாது.

அவர் வேறு வழி ஏதாவது சொன்னால் ஓடிவிடுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பிரதியோடு விட்டதில்லை. காலனிகளின் பதிவேடுகளுக்கு ஒரு நகல் பிரான்சுக்கு வர வேண்டும் என்று 1776-லேயே அரசாணை போட்டார்கள். அந்த நகல்கள் இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே ஒரு பக்கத்தைச் செருகினால் அங்கே இடிக்கும்.

அப்பா பிரெஞ்சு நேஷனல், பாஸ்போர்ட் இருக்கிறது. நான் பிறந்தது 1994-இல், வீட்டில். பதியாமல் விட்டுவிட்டார்கள். 2016-இல் கோர்ட் உத்தரவு வாங்கிப் பிறப்பைப் பதிந்தோம். அதோடு என் ஆதாரில் இருக்கும் அப்பா பெயரும் அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்தில் ஒத்துப்போகவில்லை. பாரிசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
— வாசகி, வில்லியனூர்

எழுத்துச் சிக்கலை முதலில் பார்ப்போம், அது என் தொழில். பிரெஞ்சு ஆட்சியில் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி பிரெஞ்சு உச்சரிப்புக்கு எழுதினார்கள். 'உ' வரும் இடமெல்லாம் 'ஓ', 'யு' (ou) என்று இரண்டு எழுத்து. கடைசியில் மெய் நின்றால் அது விழுந்துவிடாமல் இருக்க ஒரு 'ஈ' (e) ஒட்டு. 'ழ' வந்தால் 'ஜே' எழுத்து! அதனால் தமிழரசன் அங்கே தமிஜரசன், அழகப்பன் அஜகப்பன். நம் இந்திய ஆவணத்திலோ அதே 'ழ'வுக்கு 'இசட்', 'எச்'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பாரிஸ் குமாஸ்தாவுக்கு அவர்கள் இரண்டு ஆள். போதாததற்கு அங்கே குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயர், ஒரு இனிஷியல். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மூவருக்கும் மூன்று விதமான குடும்பப் பெயர் ஒட்டியிருந்ததை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். இதைச் சரிசெய்ய முடியும். அப்பாவின் பழைய பிறப்புப் பதிவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஆவணமாக ஒரே எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'இருவரும் ஒருவரே' என்ற தாசில்தார் சான்றிதழை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

உங்களுடைய பெரிய சிக்கல் 2016. பிள்ளைக்கும் பெற்றவருக்கும் உள்ள உறவு, பிள்ளை மைனராக இருக்கும்போதே சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் நேஷனாலிட்டிக்குச் செல்லும். உங்கள் கோர்ட் உத்தரவு 22 வயதில் வந்தது. பெற்றோரின் திருமணம் நீங்கள் பிறப்பதற்கு முன்பே பதிவாகியிருந்தால் பேச இடம் உண்டு. கான்சுலேட்டில் அப்பாவின் கோப்பில் நீங்கள் சிறுவயதில் சேர்க்கப்பட்டிருந்தால் அது பெரிய பலம். முதலில் அந்த இரண்டையும் தேடுங்கள். அப்புறம் நேஷனாலிட்டி வழக்கு நடத்துகிற பாரிஸ் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவம். அசலை யார் கையிலும் கொடுக்காதீர்கள். எங்கள் தாத்தாவின் ஒப்சியோன் ரசீதை நகல் எடுக்க வாங்கிப்போன ஒருவர் மூன்று மாதம் கழித்து "வீடு மாறும்போது எங்கோ விழுந்துவிட்டது" என்றார். மாற்று வாங்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

பெண்ணுக்கு நேஷனாலிட்டி மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். தாலி கட்டியதும் அவளுக்கும் நேஷனாலிட்டி வந்துவிடுமாமே? அதற்காக 60 சவரன் கேட்கிறார்கள்.
— ஒரு தகப்பனார், காரைக்கால்

வராது. கல்யாணத்துக்கு முன் கான்சுலேட் சான்றிதழ், பின் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுவது, விசா, அதற்கப்புறம் நான்கு வருஷத் தாம்பத்தியம் (பிரான்சில் போதிய காலம் இல்லையென்றால் ஐந்து), பிரெஞ்சு மொழித் தேர்வு. இத்தனைக்கும் பிறகு விண்ணப்பிக்கத்தான் முடியும். 60 சவரனை வைத்து அவளுக்கு பிரெஞ்சும் ஒரு தொழிலும் சொல்லிக் கொடுங்கள்.

நாங்கள் ஆங்கிலோ இந்தியர். அப்பாவின் தாத்தா அயர்லாந்தில் கார்க் நகரில் பிறந்து இங்கே ரயில்வேயில் என்ஜின் டிரைவராக இருந்தவர். ஞானஸ்நானச் சான்று இருக்கிறது. ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமா?
— வாசகர், பொன்மலை, திருச்சி

ஒரு தலைமுறை தள்ளிப்போய்விட்டது. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்து நீங்கள் ஐரிஷ் ஆகலாம். கொள்ளுத் தாத்தா என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் அப்பா தன்னைப் பதிந்திருக்க வேண்டும். செய்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

ஆனால் உங்கள் அப்பா உயிரோடு இருந்தால் அவருக்கு இது சொந்தத் தாத்தா. அவர் இப்போதும் பதிந்துகொள்ளலாம். அதன்பின் பிறக்கும் பிள்ளைக்குத்தான் அது பாயும், உங்களுக்கு அல்ல. என்ன கொடுமை பாருங்கள், உங்களுக்கு இனிமேல் ஒரு தம்பி பிறந்தால் அவன் ஐரிஷ்!

இத்தாலிய வழி கேட்டவர்களுக்கும் சேர்த்து: அங்கே எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் பின்னால் போகலாம் என்றிருந்ததை 2025-இல் சட்டம் போட்டுப் பெரும்பாலும் பெற்றோர், தாத்தா பாட்டியோடு நிறுத்திவிட்டார்கள். கொள்ளுத் தாத்தாக்களுக்கு ஐரோப்பாவில் மவுசு குறைந்துகொண்டே வருகிறது.

என் மகனுக்கு 20 வயது. அவன் அப்பா வழியில் பிறப்பிலேயே பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிறது. பி.காம். முடிக்கப் போகிறான். "அங்கே போய் இறங்கினால் போதும், அரசாங்கமே மாதம் பணம் கொடுக்கும்" என்கிறார்கள் உறவினர்கள். அனுப்பலாமா?
— ஒரு தாய், லாஸ்பேட்டை

மாதப் பணம் என்று அவர்கள் சொல்வது, வருமானமே இல்லாதவர்களுக்கான உதவித்தொகை. பொதுவாக 25 வயது ஆக வேண்டும் அதற்கு. வேலையில் சேராமல் போய் இறங்கினால் மருத்துவக் காப்பீட்டுக்கும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் உறவினர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்கள் ஆகஸ்ட் லீவில் வந்து சென்ட் பாட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்.

நான் போனபோது எனக்கு 24. பாஸ்போர்ட் பிரெஞ்சு, வாயில் பிரெஞ்சு இல்லை. பள்ளியில் படித்தது ஆங்கில மீடியம். சார்செலில் மாமா வீட்டு வரவேற்பறை சோபாதான் படுக்கை. கடைசி ஆள் டிவி பார்த்து முடித்தபின்தான் படுக்க முடியும். டிசம்பரில் காலை எட்டரைக்கும் விடியாது. கார்ஜ்-சார்செல் ஸ்டேஷனில் இருட்டில் ரயில் ஏறி, மாலை ஐந்து மணிக்கு மறுபடி இருட்டில் இறங்குவேன். முதல் வேலை அலுவலகம் துடைப்பது. என் பி.ஏ. சான்றிதழைப் பார்த்த பெண்மணி ஒருத்தி, "உங்களுக்கு பிரெஞ்சு பேச வராதா? நீங்கள் பிரெஞ்சுக்காரிதானே?" என்று கேட்டாள். கேலியாக இல்லை, உண்மையாகவே புரியாமல். அன்றைக்கு அழுதது மாதிரி நான் அப்புறம் அழுததில்லை.

அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. விசா கேட்காமல் வேலை செய்யலாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் வருஷத்துக்குச் சில நூறு யூரோவில் படிக்கலாம். இதற்காக ஏங்குகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். சுய்ப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேசில் சேர்த்துவிடுங்கள். சமைக்கக் கற்றுக்கொள்ளட்டும், சோறும் ரசமும் போதும். போகும்போது வேலைக்கு என்று இல்லாமல் படிப்புக்கு என்று போகட்டும். அந்த உறவினர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: முதல் ஆறு மாதம் அவன் யார் வீட்டில் படுப்பான்?

பிரெஞ்சு பாஸ்போர்ட் வந்தபிறகு இந்திய பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டால் என்ன? ஊரில் நிலம் வாங்க உதவுமே.
— வாசகர், பாகூர்

வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) எடுங்கள். என்னிடம் இருப்பதும் அதுதான். ஓட்டு கிடையாது. வீடு, மனை வாங்கலாம். வயலும் தோப்பும் விலைக்கு வாங்க முடியாது. அப்பா வயல் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பாகூர் என்பதால் சொல்கிறேன், ஏரிப் பாசன நிலத்தை மனை என்று காட்டி விற்க வருவார்கள்; பத்திரத்தில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.