ஹோஸ்ட் ஃபங்ஷனுக்கு ஸ்ட்ரிங்குக்குப் பதிலாக எண்கள் வருவது ஏன்?

ரஸ்ட் மொழியில் எழுதி வெப்அசெம்ப்ளியாக (பிரவுசரில் ஓடும் பைனரி வடிவம்) மாற்றிய மாட்யூலுக்கு ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ‘லாக்’ ஃபங்ஷன் (இதுதான் ஹோஸ்ட் ஃபங்ஷன்) கொடுத்தும், “வணக்கம்” வராமல் 1024, 21 என்று வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். இம்போர்ட், அதாவது அந்த ஃபங்ஷனை மாட்யூலோடு இணைத்தது, சரிதான்; ஃபங்ஷன் பெயர் பிசகியிருந்தால் மாட்யூல் எழும்பும்போதே லிங்க்எரர் வந்திருக்கும்.

இங்கே ரஸ்ட் உங்களுக்கு அனுப்புவது ஸ்ட்ரிங்கை அல்ல, மெமரியில் அது தொடங்கும் இடத்தையும் பைட் நீளத்தையும். ரஸ்ட் ஸ்ட்ரிங்கை வைத்திருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். “வணக்கம்” 7 குறியீடு (புள்ளிகளும் சேர்த்தி), ஆக 21. எக்ஸ்போர்ட் ஆகும் மெமரியில் 1024-இலிருந்து 21 பைட்டை எடுத்து டெக்ஸ்ட்டிகோடரிடம் (பைட்டுகளை எழுத்தாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) கொடுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு: மெமரியின் பஃபரைப் படிக்கும் பைட் அரேயை ஒருமுறை மட்டும் உருவாக்கி வைத்துக்கொண்டேன். மெமரி வளர்ந்ததும் பழைய பஃபர் செல்லாது, அரேயின் நீளம் 0 ஆகிவிடும். ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக உருவாக்குங்கள், செலவு அற்பம்.