"ஏலியன் என்னோடு பேசினார்" என்பவர்களை நம்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வேற்றுக்கிரகவாசிகளைப் பார்த்தேன், பேசினேன், என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பி விட்டார்கள் என்பவர்களை அறிவியல் எப்படி எடுத்துக்கொள்கிறது? "கிண்டல் வேண்டாம், பதில் வேண்டும்" என்று இரண்டு பேர் தனிக் குறிப்பே எழுதியிருந்தார்கள். சரி, கிண்டல் இல்லை. அதிகமாக இல்லை.

ஒரு வாசகரின் கேள்வி: என் சித்தப்பா பொய் சொல்லத் தெரியாதவர். ஒருநாள் விடியற்காலையில் விழித்தபோது கட்டிலைச் சுற்றி மூன்று உருவங்கள் நின்றனவாம். கை காலை அசைக்க முடியவில்லையாம். அதைச் சொல்லும்போது இன்றும் அவருக்கு உடம்பு நடுங்குகிறது. இப்படிப்பட்டவரை எப்படி நம்பாமல் இருப்பது?

நம்புங்கள். அவருக்கு அப்படித்தான் நடந்தது. யார் வந்தார்கள் என்று அவர் முடிவு செய்திருக்கிறாரே, அதை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள்.

கனவு காணும் தூக்கத்தில் மூளை நம் தசைகளுக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறது. கனவில் ஓடினால் கால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாது அல்லவா? சில நேரம் விழிப்பு முந்திக்கொள்ளும், பூட்டுத் திறக்கத் தாமதமாகும். கண் திறந்திருக்கும், அறை தெரியும், கனவின் மிச்சமும் அதே அறைக்குள் நடமாடும். நெஞ்சில் பாரம், காதில் ரீங்காரம், பக்கத்தில் யாரோ நிற்கிற உணர்வு. இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு ஆயுளில் ஒருமுறையாவது வருகிறது. நம் பாட்டிமார் இதை அமுக்குவான் பேய் என்றார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருவாள். ஜப்பானில் இதன் பெயர் கனாஷிபாரி. உடம்பில் நடப்பது எங்கும் ஒன்றுதான். வந்தது யார் என்பதை அவரவர் ஊரும் காலமும் சொல்லிக்கொடுக்கின்றன.

நடுக்கத்துக்கு வருவோம். ஹார்வர்டில் உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நலி குழுவினர், ஏலியன்களால் கடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு அவரவர் அனுபவத்தையே ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டி, இதயத் துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளந்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. போர் போன்ற கொடுமைகளை நேரில் அனுபவித்து மனம் காயப்பட்டவர்களிடம் தெரியும் அதே அளவு பதற்றம் இவர்களிடமும் தெரிந்தது. அதாவது நடிப்பு இல்லை. ஆனால் நடுக்கம் காட்டுவது அந்த நினைவு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதைத்தான். சம்பவம் வெளியே நடந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஹிப்னாசிஸ் மூலம் பலருக்கு மறந்துபோன கடத்தல் நினைவுகள் திரும்பி வருகின்றனவே? அவ்வளவு நுணுக்கமாக ஒருவரால் கற்பனை செய்ய முடியுமா?

முடியும். ஹிப்னாசிஸில் வருவது பழைய நினைவா, அங்கேயே புதிதாக முளைத்ததா என்று சொல்பவருக்கே தெரியாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985-லேயே இதைப் பரிசீலித்து, ஹிப்னாசிஸில் கிடைக்கும் நினைவு சாதாரண நினைவைவிட நம்பகமானது அல்ல என்று சொல்லிவிட்டது. கூடுவது நம்பகத்தன்மை அல்ல, சொல்பவரின் தன்னம்பிக்கை.

எல்லோரும் மேற்கோள் காட்டும் அமெரிக்கத் தம்பதி பெட்டி ஹில், பார்னி ஹில் இருவரின் கடத்தல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961 செப்டம்பர் 19 இரவு, நியூ ஹாம்ப்ஷயர் மலைச்சாலையில் காரில் வரும்போது ஓர் ஒளி பின்தொடர்ந்ததைப் பார்த்தார்கள். சில நாட்களில் பெட்டிக்குக் கெட்ட கனவுகள் தொடங்கின. அவற்றை எழுதி வைத்தார், கணவரின் காதில் விழும்படி மற்றவர்களிடம் சொன்னார். 1964-ல்தான் பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் இருவரையும் ஹிப்னாசிஸுக்கு உட்படுத்தினார். வந்த கதை பெரும்பாலும் அந்தக் கனவுகளின் கதைதான். பெட்டியின் கனவு பார்னிக்குள் இறங்கியிருக்கிறது என்பதே சைமனின் சொந்த முடிவு. ஹிப்னாசிஸ் செய்த மருத்துவரே கடத்தலை ஏற்கவில்லை என்பதை இந்தக் கதையை மறுபடி மறுபடி சொல்பவர்கள் அநேகமாக விட்டுவிடுகிறார்கள்.

விண்கலத்தில் தனக்குக் காட்டினார்கள் என்று சொல்லி பெட்டி வரைந்த விண்மீன் வரைபடமும் உண்டு. ஓஹியோவைச் சேர்ந்த ஆசிரியை மார்ஜரி ஃபிஷ் நூலில் மணிகளைத் தொங்கவிட்டு, அக்கம்பக்கத்து விண்மீன்களின் மாதிரி ஒன்றைச் செய்து, எந்தக் கோணத்தில் பார்த்தால் வரைபடம் பொருந்துகிறது என்று வருடக்கணக்கில் தேடினார். வந்தவர்களின் ஊர் சுமார் 39 ஒளியாண்டு தூரத்திலுள்ள ஸீட்டா ரெட்டிகுலி என்ற விண்மீன் என்று முடிவு செய்தார். உழைப்பை மதிக்கிறேன். ஆனால் புள்ளிகள் நிறைய இருந்து, கோணத்தையும் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றால், எந்தக் கிறுக்கலுக்கும் ஒரு பொருத்தம் கிடைக்கும். பிற்பாடு ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் தூரங்களைத் துல்லியமாக அளந்தபோது சில மணிகள் தவறான இடத்தில் தொங்கியது தெரிந்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். நாலு பேரை உட்கார வைத்து இந்தச் சொற்களை மெதுவாகப் படியுங்கள்: கட்டில், தலையணை, போர்வை, கொட்டாவி, கனவு, இரவு, குறட்டை, அசதி, மெத்தை, விழிப்பு. ஐந்து நிமிடம் வேறு பேச்சு பேசிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத "தூக்கம்" யாராவது ஒருவர் தாளிலாவது வந்து உட்காரும். சத்தியம் செய்யவும் தயாராக இருப்பார். கடத்தல் நினைவு "மீண்டவர்களிடம்" இந்தவகைப் பிழை மற்றவர்களைவிடக் கூடுதல் என்று சூசன் கிளான்சியும் மெக்நலியும் 2002-ல் காட்டினார்கள்.

எங்கள் தியானக் குழுவின் தலைவருக்குக் கார்த்திகை விண்மீன் கூட்டத்திலிருந்து செய்தி வருகிறது என்கிறார். சில நேரம் பூமியில் இல்லாத மொழியிலும் பேசுகிறார். சோதித்துப் பார்க்க வழி உண்டா?

முகவரியிலிருந்து தொடங்குங்கள். கார்த்திகைக் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டு தூரம். அதைவிட முக்கியம், அதன் வயது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள்தான். நம் பூமிக்கு 454 கோடி. அங்கே கோள்கள் இருந்தாலும் இன்னும் சூடு ஆறாத பச்சைக்குழந்தைகள். ஞானம் பேசும் நாகரிகத்துக்கு நேரமே ஆகவில்லை.

முகவரி விஷயத்தில் ஒரு பழைய கதை. ஜார்ஜ் ஆடம்ஸ்கி என்பவர் 1952 நவம்பரில் கலிபோர்னியா பாலைவனத்தில் வெள்ளிக் கிரகத்து மனிதரைச் சந்தித்தேன் என்றார். நீளமான பொன்னிறத் தலைமுடி, அழகான முகம். அன்று வெள்ளியின் மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1962 டிசம்பரில் மாரினர் 2 விண்கலம் அதைக் கடந்து போய், அது கொதிக்கும் உலை என்று காட்டியது. தரையில் சுமார் 460 டிகிரி செல்சியஸ், பூமியைப் போல 90 மடங்கு காற்றழுத்தம். 1982-ல் இறங்கிய சோவியத்தின் வெனேரா 13 என்ற உலோகக் குண்டே 127 நிமிடம்தான் தாக்குப்பிடித்தது. அப்புறம் என்ன ஆயிற்று? செய்தி அனுப்புகிறவர்கள் வீடு மாறிக்கொண்டார்கள். நம் விண்கலம் எட்டிப் பார்க்க முடியாத தூரத்துக்கு.

மொழி விஷயம் இன்னும் சுவையானது. ஜெனீவாவில் எலேன் ஸ்மித் என்ற பெயரில் அறியப்பட்ட ஒரு பெண் 1890-களில் மயக்க நிலையில் செவ்வாய் மொழி பேசினார், தனி எழுத்தில் எழுதவும் செய்தார். உளவியலாளர் தியோடர் ஃப்ளூர்னுவா பொறுமையாக உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்த்தார். சொற்கள் புதியவை; ஒலிகளெல்லாம் பிரெஞ்சு ஒலிகள், சொல் வரிசை அப்படியே பிரெஞ்சு வரிசை. அந்தப் பெண் ஏமாற்றவில்லை. தாய்மொழியின் எலும்புக்கூட்டுக்கு அவர் மனம் தனக்கே தெரியாமல் புதுச் சதை வைத்திருக்கிறது. உங்கள் தலைவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். தமிழில் இல்லாத ஓர் ஒலி, தமிழில் வராத ஓர் அமைப்பு வருகிறதா பாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வானியலாளர் கார்ல் சேகன் இப்படிப்பட்டவர்களிடம், கணிதத்தில் இன்னும் நிரூபிக்கப்படாத கோல்ட்பாக் அனுமானத்துக்கு நிரூபணம் கேட்பாராம். பதில் வந்ததே இல்லை. எல்லோரும் நல்லவர்களாக இருக்க வேண்டுமா என்று கேட்டால் மட்டும் உடனே வரும். நிரூபணத்தைச் சரிபார்க்கக் கணித மேதை வேண்டும் என்பதால் நான் வேறொன்று சொல்வேன். ஆர்எஸ்ஏ-2048 என்று 617 இலக்கத்தில் ஓர் எண் பொதுவெளியில் இருக்கிறது. இரண்டு பகா எண்களின் பெருக்கல். எந்த இரண்டு என்று இதுவரை யாரும் கண்டுபிடித்துக் காட்டவில்லை. விண்மீன்களுக்கு இடையே பயணம் செய்பவர்களுக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டும். அவர்கள் சொல்வதைப் பெருக்கிப் பார்க்கக் கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது.

ஹார்வர்ட் பேராசிரியரே இதை ஏற்றுக்கொண்டாராமே?

ஜான் மேக். மனநல மருத்துவர், 1977-ல் வாழ்க்கை வரலாற்று நூலுக்குப் புலிட்சர் பரிசு வாங்கியவர். 1994-ல் கடத்தப்பட்டவர்களைப் பற்றி நூல் எழுதினார். பல்கலைக்கழகம் விசாரித்தது, பதவி தப்பியது. கருத்துச் சுதந்திரம் காப்பாற்றப்பட்டது, நல்லது. அதற்கும் சான்றுக்கும் சம்பந்தமில்லை. அவரிடம் போன ஒரு பெண், கென்னடியையும் குருசேவையும் விண்கலத்துக்குள் பார்த்ததாக வேண்டுமென்றே கதை கட்டிச் சொன்னதாகவும், அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவும் பிறகு பத்திரிகையில் வெளிப்படுத்தினார். நோயாளியிடம் பரிவு காட்டுவது மருத்துவரின் வேலை. அந்தப் பரிவை ஆய்வுக்கருவியாக்கினால் இப்படித்தான்.

உடம்புக்குள் வைக்கப்பட்ட உலோகத் துண்டு, ஏலியன் மம்மி இவையெல்லாம் பொருள் சான்றுகள் இல்லையா?

பொருள் கையில் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் அதைக் கேள்வி கேட்கலாம். வேறொரு விண்மீனின் அருகே உருவான பொருளில் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளின்) விகிதம் நம் சூரிய மண்டலத்தின் விகிதமாக இருக்காது. இது வெறும் பேச்சல்ல. 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் சிலிக்கான் கார்பைடு துகள்கள் கிடைத்தன. அவற்றின் ஐசோடோப்பு விகிதம், அவை சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு விண்மீன்களில் உருவானவை என்று காட்டிக்கொடுத்தது. வேற்று விண்மீன் தூசு நம் ஆய்வகத்தில் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதை மறைக்கவில்லை, கொண்டாடினார்கள். உலோகத் துண்டு வைத்திருப்பவர்கள் அதே சோதனைக்குக் கொடுக்கட்டும்.

மம்மி விஷயம் எனக்கு வேதனை தருவது. 2003-ல் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கிடைத்த, சுமார் 15 சென்டிமீட்டர் நீள எலும்புக்கூட்டை ஏலியன் என்று ஊர் ஊராகக் காட்டினார்கள். 2018-ல் வெளியான டிஎன்ஏ ஆய்வு அது மனிதப் பெண் சிசு என்றது. சிலி ஆய்வாளர்கள் அதன் பிறகும் கோபப்பட்டார்கள்: யாரோ ஒரு தாயின் குழந்தை அது, அனுமதி கேட்காமல் ஆய்வு ஏன்? அவர்கள் பக்கம்தான் நான்.

உண்மையான செய்தி வந்தால் விஞ்ஞானிகள் மூடி மறைத்துவிடுவார்கள் என்கிறார்களே?

மறைப்பதில்லை, தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே கொல்லப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது மறைப்பது போலத் தெரியலாம். 1967-ல் ஜோசலின் பெல், 1.337 நொடிக்கு ஒருமுறை கடிகாரம் போலத் துடிக்கும் ரேடியோ சமிக்ஞையைக் கண்டபோது, குழுவினர் அதற்குச் "சின்னப் பச்சை மனிதர்கள்" என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். வானத்தின் இன்னொரு மூலையில் இரண்டாவது துடிப்பையும் பெல்லே கண்டுபிடித்தார். இரண்டு கூட்டம் ஏலியன்கள் ஒரே நேரத்தில் நம்மையே கூப்பிடுவார்களா என்ன? பல்சர் என்ற புது வகை விண்மீன் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கிக் கதை. அங்கே வருடக்கணக்கில் ஒரு விசித்திர ரேடியோ வெடிப்பு வந்துகொண்டிருந்தது. 2015-ல் குற்றவாளி பிடிபட்டது: சமைத்து முடிப்பதற்குள் யாரோ பொறுமையில்லாமல் கதவைத் திறந்த மைக்ரோவேவ் அடுப்பு. இதை அவர்களே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அரசிடம் வேற்றுக்கிரக விண்கலங்கள் இருப்பதாக 2023-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் முன்னாள் உளவு அதிகாரி சத்தியம் செய்து சொன்னாரே?

டேவிட் கிரஷ் தான் நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். அந்த வருடம் செப்டம்பரில் நாசா குழுவும், 2024 மார்ச்சில் பென்டகன் அலுவலகமும் வேற்றுக்கிரகச் சான்று எதுவும் இல்லை என்று அறிக்கை தந்தன. பொருள் வரட்டும், அப்போது பேசலாம்.

நீங்கள் ஏலியன்கள் இருப்பதாக நம்புகிறீர்களா?

எங்கோ உயிர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறேன். அதற்கும் உங்கள் சித்தப்பாவின் படுக்கையறைக்கும் நடுவே நீண்ட தூரம்.

எனக்கே இப்படி ஒன்று நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள், இதைப் பற்றி இன்னொரு வரி படிப்பதற்கு முன். தேதி, மணி, எந்தப் பக்கமாகப் படுத்திருந்தீர்கள், முந்தைய இரவுகளில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். மல்லாந்து படுப்பதும் தூக்கம் குறைவதும் தூக்க முடக்கத்தைக் கூட்டும் என்பதால் கேட்கிறேன். பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். "உயரமான நிழல்" முதல் பக்கம், "அவர்கள்" இரண்டாம் பக்கம். ஹிப்னாசிஸ் செய்பவரிடம் போக வேண்டாம். அடிக்கடி வந்தால், பகலிலும் தூக்கம் அழுத்தினால், தூக்க மருத்துவரைப் பாருங்கள். ஏலியன் என்ற சொல்லை நீங்கள் எடுக்கவே வேண்டியதில்லை, "விழித்ததும் உடம்பு அசையவில்லை" என்றாலே அவருக்குப் புரிந்துவிடும்.