பளிச்சென்று இருந்தால் போதுமா?

கேள்வி: எண்பதுகளில் வந்த எனக்குப் பிடித்த அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) தொடர் ஒன்றை புளூ-ரே வட்டில் வாங்கினேன். ஒரு புள்ளி அழுக்கு இல்லை, அவ்வளவு பளிச்! ஆனால் என் நண்பர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "படத்தைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், பழைய டிவிடியே தேவலை" என்கிறார். அனிமே சேகரிப்பவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தி வராதா?

பதில்: வராதுதான். ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் நண்பர் பக்கம்தான் நியாயம். நீங்கள் மெச்சுகிற அந்தப் பளிச்சுதான் கோளாறே.

எண்பதுகளில் அனிமே என்றால் ஒளி ஊடுருவும் செல் தாளில் கோடுகளைப் பதித்து, பின்பக்கம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாக ஃபிலிமில் படம்பிடிப்பார்கள். டிவி தொடருக்குப் பெரும்பாலும் 16 மி.மீ., சினிமாவுக்கு 35 மி.மீ. ஃபிலிம் என்றாலே கிரெயின், அதாவது பொடிப்பொடியான துகள்கள், உண்டு. அந்தத் துகள்கள் படத்தின் மேல் படிந்த தூசு இல்லை. படமே அவற்றால் ஆனதுதான். அதைச் சுத்தம் செய்யப் போகிற மென்பொருளுக்கு எது கிரெயின், எது ஓவியர் இழுத்த மெல்லிய கோடு என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே வழித்துவிடும்.

உங்கள் வட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தூரத்தில் யாராவது நிற்கும் காட்சியில் நிறுத்தி, முகத்தைக் கவனியுங்கள். மூக்கைக் காட்டும் சின்னக் கோடு பாதியில் கரைந்திருக்கும். முடியின் நுனிக்கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும். பின்னணி ஓவியத்தில் தூரிகைத் தடம் இருந்த இடமெல்லாம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கும். அப்புறம், மங்கிப்போனதை மறைக்க ஷார்ப்னஸைக் கூட்டியிருந்தால் கறுப்புக் கோட்டை ஒட்டி வெளிர்நிறத்தில் இன்னொரு கோடு கூடவே வரும். சண்டைக் காட்சியில் நிறுத்தினால் வேடிக்கை இன்னும் அதிகம்: போன ஃபிரேமில் ஓங்கிய கை இந்த ஃபிரேமிலும் லேசாக மிச்சமிருக்கும்.

இதற்குப் பேர்போன உதாரணம், 2007-ல் அமெரிக்காவில் வரத் தொடங்கிய டிராகன் பால் ஸீ டிவிடிகள். சேகரிப்பாளர்கள் 'ஆரஞ்சு செங்கல்' என்று கிண்டல் செய்கிற பெட்டிகள். கிரெயினை வழித்ததோடு நிற்கவில்லை. 4:3 அளவில் எடுத்த படத்தை அகல டிவிக்காக 16:9 ஆக்க, மேலும் கீழும் வெட்டினார்கள். அகலத்தைத் தொடாமல் இப்படி வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். வானத்தைப் பார்த்து நிற்கும் தலைமுடிக்கே புகழ்பெற்ற தொடரில் தலைக்கு மேல் கத்தரி போட்டார்கள். பெட்டியில் பெருமையாக 'ரீமாஸ்டர்' (புதுப்பித்த பதிப்பு) என்று வேறு.

"புளூ-ரே என்றால் 1080 வரி ஆயிற்றே, டிவிடியை விடத் துல்லியம் இல்லாமல் போகுமா?" என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். போகும். 2000-ஐ ஒட்டி செல் தாளை விட்டுவிட்டு கிட்டத்தட்ட எல்லோரும் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். அந்த ஆரம்ப வருடங்களின் தொடர்கள் பல, அன்றைய டிவிக்குப் போதுமான 480 வரி அளவிலேயே உருவாக்கப்பட்டவை. திரும்ப ஸ்கேன் செய்ய ஃபிலிம் கிடையாது. இருப்பதை இழுத்துப் பெரிதாக்கி புளூ-ரேயில் போடுகிறார்கள். அட்டையில் 1080 என்று அச்சிட்டது பொய்யில்லை. வட்டில் 1080 வரி இருக்கிறது, படத்தில்தான் இல்லை. 1988-ல் வந்த 'அகிரா' சினிமா 35 மி.மீ. ஃபிலிமின் புண்ணியத்தில் 2020-ல், 1080-ஐப் போல் இரு மடங்கு வரி கொண்ட 4கே-யில் வந்தபோது அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. அதற்குப் பதினைந்து வருடம் இளைய தொடர்கள் பலவற்றுக்கு அந்த வழியே இல்லை. ஆகவே 4கே என்ற எழுத்தைப் பார்த்ததும் பணத்தை எடுக்காதீர்கள். மூலம் எது என்று கேளுங்கள்.

'பழைய டிவிடியே தேவலை' என்பது மட்டும் கொஞ்சம் மிகை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தை டிவிக்கு ஏற்ப மாற்றியதில் வேகமான காட்சிகளில் விளிம்பு கோடுகோடாகப் பிரியும் டிவிடிகள் எத்தனையோ உண்டு. இன்னும் மோசம் சப்டைட்டில். ஜப்பானிய ஒலியைப் போட்டுவிட்டு, கீழே ஆங்கில டப்பிங்கின் வசனத்தை அப்படியே ஓடவிடுவார்கள். வாயசைவுக்கு ஏற்ப நீட்டிக் குறைத்து எழுதிய வசனம் அது. கதாபாத்திரம் ஒரே ஒரு சொல் சொல்லும், கீழே இரண்டு வரி ஓடும்.

வட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1997 டிசம்பரில் போக்கிமான் தொடரின் ஓர் எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அதிலிருந்து ஜப்பானில் ஒளிபரப்பின்போது மின்னல், வெடிப்புக் காட்சிகளை மங்கலாக்குகிறார்கள். பல தொடர்களில் அந்த மங்கல் இல்லாத படமும், அவசரத்தில் கோணலாக வரைந்ததைத் திருத்திய காட்சிகளும் வட்டில்தான் கிடைக்கும். வாங்க இது நல்ல காரணம்.

ஆனால் நம் ஆட்கள் எதற்கு வாங்குகிறார்கள்? கெட்டி அட்டைப் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் போஸ்ட் கார்டுக்கும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டிகளை அலமாரியில் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுப்பவர்களுக்கு மாலை வானத்தின் நிறம் சீராக மாறாமல் பட்டை பட்டையாக உடைவது எப்படித் தெரியும்? பிரித்துப் பார்க்கிறவர்களில் ஒரு கூட்டம் 'படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது' என்று புகார் எழுதுகிறது. அடுத்த பதிப்பில் கிரெயினை வழித்துவிடுகிறார்கள். கேட்டதைக் கொடுத்தோம் என்று நிறுவனம் சொன்னால் என்ன பதில் சொல்வது?

வெளிநாட்டுப் பதிப்பாளரை மட்டும் திட்டியும் பயனில்லை. ஜப்பானிலிருந்து வருகிற மாஸ்டரே (வட்டு தயாரிக்கக் கொடுக்கும் மூலப் பிரதி) பல சமயம் வழித்த நிலையில்தான் வருகிறது; அதில் இல்லாத கோட்டை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? 'எங்களுக்குக் கிடைத்தது இதுதான்' என்ற விளக்கம் பெரும்பாலும் உண்மை. அதை முன்பதிவு தொடங்கும்போதே, முழு அளவு ஸ்டில் நாலைந்தோடு சேர்த்துச் சொல்லலாமே. பணம் வந்து சேர்ந்த பிறகு ஏன் சொல்கிறார்கள்?